பத்தரிடம் டோபாஸ் என்று சொல்

மகனே, நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. முதலில் உன் மேசை லாச்சியைத் திறந்து, அம்மா உன்னிடம் கொடுத்தனுப்பிய மோதிரம் பத்திரமாக இருக்கிறதா என்று பார். இருந்தால் எனக்குப் போன உயிரில் பாதி திரும்பி வரும். சனிக்கிழமைதான் பத்தரிடம் கொடுப்பாய் என்று அம்மா சொன்னாள். ஆனாலும் கல்யாணம் நிச்சயமான பிறகு உனக்கு வந்திருக்கிற சுறுசுறுப்பை நான் நம்பத் தயாராக இல்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டாயானால் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுச் செட்டியார் தெருவுக்கு ஓடு. தர்ஷினியின் விரல் அளவுக்குச் சுருக்க, பத்தர் மோதிரத்தை வெட்டி ஒட்டி நெருப்புக் காட்டுவார். புஷ்பராகம் என்று நீ சொன்னால், அது தாங்கும் என்று நினைத்துக் கல்லைக் கழற்றாமலே ஊதுகுழலை நீட்டிவிடக்கூடும். அந்த மோதிரத்தில் இருப்பது புஷ்பராகம் அல்ல. டோபாஸ். சூடு பட்டால் உள்ளே வெடிப்பு ஓடும். கல்லைப் பிடிக்கிற கொக்கியை அழுத்தி மடக்கினால் இரண்டாகப் பிளக்கும். உன் அம்மா உலகத்திலேயே அதிகம் மதிக்கிற ஒரு பொருள் என் பொய்யால் உடைந்துபோனால், அப்புறம் நான் இந்த வீட்டில் எந்த மூலையில் போய் உட்காருவது?

இதைப் போனில் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்பாய். போன் இருப்பது ஹாலில். அம்மாவின் காது இருப்பது வீடு முழுவதும். அவளுக்கு இந்த விஷயம் தெரியாது. அதனால்தான் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, ரிப்பேருக்கு வந்த கைக்கடிகாரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மேசையிலேயே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முடி அளவு பல்சக்கரத்தில் இருக்கும் தூசியைக் கண்டுபிடிக்கிற உன் அப்பன், ஒரு மோதிரக் கல்லின் பெயரில் எப்படிக் கோட்டை விட்டான் என்பதை நீ கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. தர்ஷினி பின்னால் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டால் அசிங்கம்.

எனக்குப் பெண் பார்த்த காலத்தில் உன் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, ரத்தோட்டைப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. என்னைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். பிடிக்கவில்லை. மாத்தளை டவுனில் பலகையால் அடைத்த ஒரு கடிகாரக் கடைக்குள் குனிந்தபடி உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை அவர் கணக்கில் வரவில்லை. ஜாதகத்தைக் கொண்டுபோனார். பெண்ணுக்குக் குரு பலமில்லை, கல்யாணத்தன்று புஷ்பராகம் போட்டால்தான் நல்லது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். தாத்தா வந்து, "தம்பி, மோதிரத்துல புஷ்பராகம் வேணும். முடியலேன்னா சொல்லிருங்க, நாங்க மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டோம்" என்றார். முடியாது என்று நான் சொல்ல வேண்டும் என்றே அவர் எதிர்பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்கிட்ட ஒண்ணு இருக்குங்க" என்றேன்.

பொய் இல்லை. அன்று நான் அப்படித்தான் நம்பினேன். கல் வியாபாரி ஹனிபா நானாவை உனக்குத் தெரியும், உனக்குச் சின்ன வயதில் மஸ்கட் அல்வா தருவாரே, அவர்தான். அவருடைய வாப்பாவின் பழைய பாக்கெட் கடிகாரத்தை யாரும் ஓட வைக்க முடியாமல் கைவிட்டிருந்தார்கள். நான் ஓட வைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் பட்டை தீட்டிய ஒரு கல்லை என் உள்ளங்கையில் வைத்து, "இது நம்ம ரத்தோட்டக் கல்லு, டோபாஸ்" என்று தந்தார். நல்ல வெயிலில் பிடித்தால் லேசான தேன் நிறம். டோபாஸ் என்றால் என்ன? வீட்டுக்கு வந்து இங்கிலீஷ்–தமிழ் அகராதியைப் புரட்டினேன். புஷ்பராகம் என்று ஒரே சொல்லில் போட்டிருந்தது. அகராதியே சொன்ன பிறகு நான் யாரிடம் போய்க் கேட்பது? நவரத்தினத்தில் ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தாத்தா மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல்முறையாக என்னை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டார்.

அகராதியில் தப்பு இல்லை. தமிழில் படித்தவன் டோபாஸுக்குப் புஷ்பராகம் என்று எழுதுகிறான். ஆனால் ஜோசியரும், கல் வியாபாரியும், சிங்களவரும் புஷ்பராகம் என்றால் மஞ்சள் நீலக்கல்லைத்தான் சொல்கிறார்கள். நீலக்கல் குடும்பத்தில் மஞ்சளாகப் பிறந்த பிள்ளை அது. இரண்டு கல்லுக்கு ஒரே பெயர். நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். இன்னொரு வேடிக்கையையும் கேள். கடைகளில் மஞ்சள் பளிங்கை, அதாவது குவார்ட்ஸ் கல்லை, டோபாஸ் என்று பெயர் சொல்லி ஏமாந்தவன் தலையில் கட்டுவார்கள். ஊரெல்லாம் வேறு கல்லுக்கு டோபாஸ் பெயரை வைக்க, உன் அப்பன் மட்டும் டோபாஸுக்கு வேறு கல்லின் பெயரை வைத்தான்.

ஆனால் டோபாஸை மட்டமாக நினைத்துவிடாதே. பிறகு நான் நூலகத்தில் உட்கார்ந்து அதைப் பற்றிப் படித்தேன், படிக்கப் படிக்க எனக்கு அதன்மேல் மரியாதை கூடிவிட்டது. ரத்தோட்டை மலைக்கு அடியில் எந்தக் காலத்திலோ உருகிக் கிடந்த பாறை மெல்ல மெல்ல ஆறியிருக்கிறது. ஆறும்போது ஒவ்வொரு சரக்கும் தனித்தனிக் கல்லாக உறைந்தது. எதிலும் சேர முடியாமல் கடைசியில் மிச்சமானது கொதிக்கிற ஆவியும் நீரும்தான். அதில் புளோரின் நிறைய. நாம் காலையில் பல் தேய்க்கிற பற்பசையில் சேர்க்கிறார்களே, அந்த இனம். அந்த மிச்சம் பாறை வெடிப்புகளில் புகுந்து, அலுமினியத்தோடும் மணலில் இருக்கிற சிலிக்காவோடும் சேர்ந்து, அவசரமில்லாமல் வளர்ந்ததுதான் டோபாஸ். பளிங்கின்மேல் இழுத்தால் கோடு போடும். பளிங்கால் அதன்மேல் கோடு போட முடியாது. அதே அளவுப் பளிங்கைவிடக் கையில் கனக்கும். கம்பளியில் தேய்த்தால் கடதாசித் துணுக்குகளை இழுக்கும், இழுத்ததைச் சீக்கிரம் விடாது. தொட்டால் சில்லென்றும் வழுவழுப்பாகவும் இருக்கும். பெரும்பாலும் நிறமே இல்லாமல்தான் கிடைக்கும். அந்த வெள்ளைக் கல்லுக்கு வெளிநாட்டில் கதிர் பாய்ச்சி, சூடேற்றி, வானம் மாதிரி நீலமாக்கி விற்கிறார்களாம். தர்ஷினிக்கு நீலம் பிடிக்கும் என்பதற்காக நீ அந்த யோசனைக்குப் போய்விடாதே, உன் அம்மா என்னைத்தான் சூடேற்றுவாள்.

நிறம் என்றதும் ஞாபகம் வருகிறது. சில டோபாஸின் தேன் நிறம் வெயில் பட்டுப் பட்டு வெளுத்துவிடும். உன் அம்மா அப்போதெல்லாம் அந்த மோதிரத்தைக் கழற்றியதே இல்லை. வெயிலில் துணி காயப்போட்டாள், மிளகு காயப்போட்டாள். நாலு வருஷத்தில் கல் தண்ணீர்போல ஆகிவிட்டது. நான் பயந்துபோனேன். அவளோ சந்தோஷமாக விரலை நீட்டி, "பாத்தீங்களா, அதுல இருந்த குரு பலத்த பூரா எனக்குக் குடுத்துட்டு வெளுத்துப்போச்சு" என்றாள். அந்த நேரத்தில்தான் நாலு வருஷம் காத்திருந்து நீ அவள் வயிற்றில் வந்திருந்தாய். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

அதே வருஷம்தான் எண்பத்து மூன்று கலவரம். அதைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. அன்று மத்தியானம் டவுனில் புகை எழும்பியபோது உன் அம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கடையில் இருந்தாள். யட்டவத்தயிலிருந்து மிளகு விற்க வருகிற, சிங்களவரான சோமாவதி அக்கா, ரிப்பேருக்குத் தந்த சுவர்க்கடிகாரத்தை எடுக்க வந்து நின்றார். வெளியே ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு தன் சேலைத் தலைப்பால் அம்மாவின் பொட்டைத் துடைத்தார். கடிகாரத்தைத் தூக்கி என் கையில் கொடுத்தார். எங்கள் இருவரையும் யட்டவத்த பஸ்ஸில் ஏற்றி, அம்மாவை ஜன்னல் ஓரம் தள்ளி, பக்கத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார். வழியில் பஸ்ஸை மறித்து, கையில் பொல்லுத் தடியோடு ஒருவன் ஏறினான். "மகே நங்கி, வயிற்றுப் பிள்ளைக்காரி" என்று அக்கா அம்மாவைக் காட்டித் தன் தங்கச்சி என்றார். அவன் கண் என்மேல் திரும்பியது. அந்த நேரம் பார்த்து என் மடியில் இருந்த கடிகாரம், பின்னேரம் நாலு மணிக்கு, டங் டங்கென்று பதினொரு தரம் அடித்தது. அக்கா சிங்களத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்: "என் நங்கிக்கு வாய்ச்ச புருஷனைப் பாருங்க, ஒரு கடிகாரத்தை ஒழுங்கா ரிப்பேர் பண்ணி எடுத்துக்கிட்டு வரத் துப்பில்ல!" பஸ்ஸே சிரித்தது. பொல்லு வைத்திருந்தவனும் சிரித்துவிட்டு இறங்கிப் போனான். அந்த மணியைத் தப்பாகப் பூட்டியது நான்தான். என் தொழிலில் நான் செய்த பிழைகளில் பெருமைப்படக்கூடியது அது ஒன்றுதான்.

அக்கா வீட்டு மிளகு அறையில் ஒன்பது நாள் இருந்தோம். கடை எரிந்துபோனது. சட்டைப் பையில் இருந்ததால் லென்ஸ் மட்டும் மிஞ்சியது. ஆனால் நீ பத்திரமாகப் பிறந்தாய். அந்தப் பஸ்ஸில் வழி முழுக்க உன் அம்மா கண்ணை மூடி மோதிரத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். குருதான் காப்பாற்றினார் என்று அவள் அன்று முடிவு செய்தாள். வியாழக்கிழமைதோறும் அந்தக் கல்லுக்குச் சந்தனம் தொட்டு வைப்பதை நீ பார்த்து வளர்ந்தவன்தானே.

உனக்கு ஆறு வயதானபோதுதான் என் குட்டு எனக்கே உடைந்தது. ஒரு கல்யாணத்துக்காகக் கொழும்புக்குப் போகிற வழியில் ராணுவச் செக்பொயின்ட். திருட்டுப் பயத்தில் மோதிரத்தைக் கழற்றி ஒரு மருந்து டப்பாவில் போட்டு என்னிடம் தந்திருந்தாள் அம்மா. அவள் பெண்கள் வரிசையில். ஆமிக்காரப் பொடியன் டப்பாவைத் திறந்து என்ன இது என்றான். "புஷ்பராக" என்றேன், சிங்களத்திலும் அதுதானே சொல் என்ற தைரியத்தில். அவன் கண் அகலமானது. மோதிரத்தை வெயிலில் பிடித்தான், சாய்த்தான், அப்புறம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "எங்க அப்பா இரத்தினபுரியில் கல் தோண்டுறவர், அங்கிள். இது புஷ்பராக இல்லை, டோபாஸ். பயப்படாமக் கொண்டுபோங்க, இதை யாரும் திருட மாட்டாங்க" என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பித் தந்தான். கொழும்பு வரைக்கும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தேன். "என்னங்க, பஸ்ஸு ஒத்துக்கலையா?" என்று அம்மா எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள்.

திரும்பி வந்ததும் நேரே ஹனிபா நானாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நான் டோபாஸ் எண்டுதானே தந்த. புஷ்பராகமெண்டு நான் செல்லவே இல்லியே" என்றார். உண்மைதான். என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. பட்டை தீட்டாத ஒரு டோபாஸைக் கையில் கொடுத்து, "இதயும் வச்சிப் பழகிப் பாருங்க, அப்ப வித்தியாசம் வெளங்கும்" என்று அனுப்பினார். பழகிப் பார்த்தேன். கடினத்தில் பத்துக்கு எட்டு என்று படித்த தைரியத்தில் என் கடிகாரச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டினேன். குறுக்கே கத்தி வைத்து வெட்டியதுபோல் இரண்டு துண்டு. உடைந்த முகம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. நீ பக்கத்தில் நின்று கைதட்டி, "அப்பா, இன்னொருக்கா!" என்றாய். எந்தப் பக்கத்திலும் கோடு விழாத கல், நீளத்துக்குக் குறுக்கே அந்த ஒரு திசையில் மட்டும் ஒரே தட்டில் பிளக்கும். அது அதன் குறை இல்லை, அதன் பிறவி அப்படி. தெரிந்தவன் அந்தத் திசையில் தட்ட மாட்டான்.

கல்யாணத்துக்கு ஒரு புத்திமதி சொல் என்று கேட்டாயே, இதை வைத்துக்கொள். தர்ஷினிக்கும் அப்படி ஒரு திசை இருக்கும். முதல் வருஷத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும். உன் அம்மாவுக்கு அது அவளுடைய சிங்களம். எதைச் சொன்னாலும் தாங்குவாள், கணக்கப்பிள்ளை பரம்பரையைக் கிண்டல் பண்ணினால்கூட என்னைவிட நன்றாகத் திருப்பித் தருவாள். ஆனால் அவளுடைய சிங்களத்தில் தமிழ் வாடை அடிக்கிறது என்று புதிதாய்க் கல்யாணமானபோது நான் ஒரு தரம் நாலு பேர் முன்னால் சிரித்தேன். அன்றிலிருந்து வெளியாட்களிடம் சிங்களம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அந்த ஒரு சிரிப்புக்காக இன்றும் எனக்கு என்மேல் கோபம்.

அப்படியானால் கல்லைப் பற்றி மட்டும் ஏன் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். முதலில் வெட்கம். தாத்தா இருந்தவரை அவருக்கு முன்னால் தோற்க மனமில்லை. அவர் போன பிறகு பயம். அந்தக் கல் காப்பாற்றியது என்ற நம்பிக்கையில்தான் அவள் அதற்கப்புறம் வந்த எல்லாக் கெட்ட காலத்தையும் சிரித்துக்கொண்டே தாண்டினாள். அது குருவின் கல்லே இல்லை என்று சொல்லி அவளுடைய தைரியத்தை நான் பிடுங்க வேண்டுமா? ஆனால் இப்போது மோதிரம் இன்னொரு வீட்டுப் பெண்ணின் கைக்குப் போகிறது. சும்மா இருந்தால் கல் உடையும், சொன்னால் உன் அம்மா உடைவாள். மூன்று நாளாக இதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதுவரைக்கும் திங்கட்கிழமை எழுதியது. இப்போது வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒளித்து உனக்கு மட்டும் எழுதுவது இரண்டாவது பொய் என்று பட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அகராதி, ஆமிக்காரன், ஹனிபா நானா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். சுளகு நின்றது. "முப்பது வருஷமா குருவுக்கு வேற கல்லக் காட்டி ஏமாத்திருக்கோமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. சுளகைக் கீழே வைத்துவிட்டு, "அப்பன்னா அன்னிக்கி பஸ்ஸுல நம்மளக் காப்பாத்துனது யாருங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எழுந்துவிட்டாள். அடுக்களைக்குள் போய்த் திரும்பி வந்து, "அக்காவுக்கு நான் ஒரு தடவகூட நன்றின்னு வாயால சொல்லலியே. எல்லாத்தயும் கல்லுக்கே சொல்லிட்டனே" என்றாள். உனக்குப் போன் பண்ணி, "மோதிரத்தத் தொடாத, அப்பா எழுதுறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாளே, அது அதற்குப் பிறகுதான்.

அவள் சொன்னது சரி. அக்காவுக்குத் தீபாவளிப் பலகாரம் என் கையில் போகும், பதிலுக்கு மிளகும் வாழைப்பழமும் வரும். அம்மா போனதில்லை. எண்பதுகளின் கடைசியில் அந்தப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளையும் கிளர்ச்சிக்காரர் என்று சொல்லி ராணுவம் பிடித்துக்கொண்டுபோன கெட்ட காலத்தில் போக்குவரத்தே நின்றது. அதன் பிறகு சிங்களம் பேசக் கூச்சம், வேறென்ன. நேற்று மட்டும் அவள் என்னை வர விடவில்லை. உன் கல்யாணக் கார்டில் முதலாவதை எடுத்து, வெற்றிலைக்குள் வைத்து, தனியாக யட்டவத்த பஸ்ஸில் ஏறினாள். இந்தக் கடிதம் பக்கத்து வீட்டு மாஸ்டர் கையில் நாளை உனக்கு வரும். பத்தரிடம் போனால் டோபாஸ் என்று சொல். தர்ஷினியிடமும் அந்தப் பெயரையே சொல். மோதிரம் அவளுக்குத்தான், பெயர் மாறியதால் மனம் மாறவில்லை என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அம்மா இருட்டுவதற்கு முன்னால் திரும்பி வந்தாள். தன் சிங்களத்தில், தமிழ் வாடையோடு, முழுக் கதையையும் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு இப்போது தலை முழுக்க வெள்ளை, ஆனால் சிரிப்பு அப்படியே இருக்கிறதாம். கல்லின் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நங்கி, அன்னிக்கி பஸ்ஸுல நான் ஒன் கையப் புடிச்சிக்கப் பாத்தேன். நீ மோதிரத்தப் பொத்திக்கிட்டு வுடவே மாட்டேன்னுட்ட" என்றாராம். சொல்லும்போதே உன் அம்மா அழுதாள். மோதிரம் உன்னிடம் இருக்கிறது, அவள் வெறும் விரலோடுதான் போயிருந்தாள். திரும்பி வர பஸ் கிடைக்கும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறார்கள். அவ்வளவு நேரமும் அக்கா அவள் கையை விடவில்லையாம்.

உன்,
அப்பா